ஆறாம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்: தமிழில் விளக்கலாமா, கூடாதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஆங்கில வழிப் பிரிவில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறீர்கள். 38 பிள்ளைகள். அதில் 17 பேர் இந்த ஜூனில்தான் தமிழ் வழித் தொடக்கப் பள்ளியில் இருந்து வந்தவர்கள். கரும்பலகையில் இருப்பதை அச்சடித்தாற்போல எழுதுகிறார்கள், கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தமிழில் விளக்கினால் முகம் தெளிகிறது. ஆனால் தலைமையாசிரியர், ஆங்கில வழி வகுப்பில் தமிழ் கேட்கவே கூடாது என்கிறார். தமிழில் சொல்லலாமா, கூடாதா என்று முடித்திருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்த 17 பேருக்கு அறிவியல் வரவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா? முதலில் இது தெரிந்தாக வேண்டும்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் 24 ஆண்டுகள் ஆங்கிலம் எடுத்தவள். 2012-13 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டபோது, அறிவியலும் கணக்கும் எடுத்த சக ஆசிரியர்கள் இதே கேள்வியோடுதான் என்னிடம் வந்தார்கள். அவர்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தும், அவர்களோடு சேர்ந்து பாடம் தயாரித்தும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொடக்கப் பள்ளியில் நான் பாடம் எடுத்ததில்லை. ஆகவே இது 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு மட்டும்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் ஆவியாதல் பாடம். சிறு தேர்வில் ஒரு பெண் பிள்ளை கேள்வியை அழகாகப் பார்த்து எழுதிவிட்டு, விடைக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். அறிவியல் ஆசிரியை அவளை ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்க்க இருந்தார். இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, “உங்க வீட்டுல என்ன வேலை பாக்காங்க?” என்று கேட்டேன். அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறார் என்றாள். உப்பு எப்படி வருகிறது என்று கேட்டதுதான் தாமதம், நிறுத்தவே இல்லை. பாத்தியில் தண்ணீர் கட்டுவதையும், வெயிலுக்குத் தண்ணீர் மேலே போய்விட உப்பு மட்டும் கீழே தங்குவதையும், காற்று அடித்தால் சீக்கிரம் காய்வதையும், மழை வந்தால் எல்லாம் பாழாவதையும் அடுக்கிக்கொண்டே போனாள். வெப்பம், காற்று, மேற்பரப்பு என்று அந்தப் பாடம் சொல்ல வந்த அத்தனையும் அவள் பேச்சில் வந்துவிட்டது. பாத்தியை ஏன் ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். “ஆழமா இருந்தா காயாதுல்லா டீச்சர்” என்றாள். அந்தப் பிள்ளைக்கு அறிவியலில் ஒரு குறையும் இல்லை. ‘எவாப்பரேஷன்’ என்ற சொல்லும், அதை வைத்து ஒரு வாக்கியம் கட்டும் பழக்கமும்தான் இல்லை.

அதனால் இந்த வாரமே ஒரு சோதனை செய்து பாருங்கள். நடத்தி முடித்த பாடத்தில் இருந்து இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டு, அந்த 17 பேரிடமும் தனித்தனியாகத் தமிழில் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம் போதும். அப்புறம் மூன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் நாலு வரி வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பு மூன்றாகப் பிரிவதைப் பார்ப்பீர்கள். தமிழில் சரியாகச் சொல்பவர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்கு வேண்டியது மொழி மட்டும். தமிழில் கேட்டாலும் தெரியாதவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களுக்குப் பாடத்தையே மறுபடி எடுக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்துக்கு ஆங்கில எழுத்தைக் கூட்டி வாசிக்கவே வராது. மூன்று பேருமே வகுப்பில் ஒரே மாதிரிதான் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரிந்து ஆசிரியர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மூவருக்கும் ஒரே மருந்து கொடுக்கிறோம், அதுவும் பெரும்பாலும் ‘பத்து தடவை எழுதிட்டு வா’ என்பதாக இருக்கிறது.

மூன்றாவது கூட்டத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்தில் ‘பின்’ என்று எழுதினால் அது ஆங்கிலத்தில் குண்டூசியாகவும் இருக்கலாம், குப்பைத்தொட்டியாகவும் இருக்கலாம். ‘கோட்’ என்றால் சட்டைக்கு மேல் போடுவதா, ஆடா? ‘கோல்ட்’ என்றால் தங்கமா, சளியா? தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஒலி மாறும். ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. தமிழ் எழுத்தில் மட்டும் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாடு காதிலேயே விழாது. அது மந்தம் என்று ஆகாது. ஒலி ஒலியாகச் சேர்த்து வாசிக்கும் பயிற்சி தினம் 15, 20 நிமிடம், இரண்டு மூன்று மாதம் விடாமல் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். அதை அறிவியல் வகுப்பில் செய்ய உங்களுக்கு நேரம் இருக்காது. ஆங்கில ஆசிரியரிடம் பேசி, காலை வழிபாட்டுக்கு முன்போ மதிய உணவுக்குப் பிறகோ ஒரு நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிக்கொள்ளும் பிள்ளைகளை உடனே கண்டிக்க வேண்டாம். முதல் பருவத்தில் அது ஓர் ஏணி. ஆனால் ஆண்டு முழுக்க அதிலேயே நின்றால் ‘கோல்ட்’ எப்போதும் குழப்பமாகவேதான் இருக்கும்.

சரி, மொழி மட்டும் இல்லாத முதல் கூட்டத்துக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த கல்வியாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-ல் இரண்டு விதமான மொழித்திறனைப் பிரித்துக் காட்டினார். அன்றாடம் நண்பர்களோடு பேசும் மொழி ஒன்று, பாடப் புத்தகத்தின் மொழி இன்னொன்று. டொரோண்டோவில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து, பேச்சு ஆங்கிலம் சுமார் 2 ஆண்டில் வந்துவிட்டாலும், பாட ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க 5 முதல் 7 ஆண்டு ஆகிறது என்று சொன்னார். அந்தப் பிரிப்பு நம் வகுப்புக்கும் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, கண்ணால் பார்த்திருக்கிறேன். ‘மே ஐ கம் இன் மிஸ்’ என்று சரளமாகச் சொல்லும் பிள்ளை, புத்தகத்தின் ஒரு பத்திக்கு முன்னால் திகைத்து நிற்கும். ஆனால் ஆண்டுக் கணக்கை நம் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டொரோண்டோப் பிள்ளைக்குக் கடைத்தெருவும் விளையாட்டுத் திடலும் ஆங்கிலம். நம் பிள்ளைக்கு உங்கள் வாய்தான் ஆங்கிலம், அதுவும் ஒரு நாளைக்குச் சில மணி நேரம். எனவே நமக்கு இன்னும் கூடுதல் காலம் ஆகும் என்பது என் ஊகம். ஜூலையில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று ஆகஸ்டில் நீங்கள் கவலைப்படுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புது மொழிக்குள் வந்த பிள்ளை கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். அது எவ்வளவு காலம், எல்லாப் பிள்ளைக்கும் உண்டா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து கிடையாது. நான் பார்த்தவரை பாதி மௌனம் பழகும் காலம், மீதிப் பாதி பயம். முந்தையதற்குப் பொறுமை வேண்டும். பயத்துக்கு நம் பழக்கத்தை மாற்ற வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை 3 நொடியாக நீட்டியதும் பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அவர்கள் தாய்மொழியிலேயே பதில் சொன்ன பிள்ளைகள். நம் பிள்ளை கேள்வியைத் தமிழுக்குக் கொண்டுபோய், விடையை யோசித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும், பிள்ளைக்கு அது மூச்சு விடும் நேரம்.

இப்போது பாடப் புத்தக ஆங்கிலம் ஏன் தமிழ்ப் பிள்ளைக்குக் கடினம் என்பதைப் பார்ப்போம். இது தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘தி ப்ராசஸ் பை விச் எ லிக்விட் சேஞ்சஸ் இன்டு வேப்பர் இஸ் கால்ட் எவாப்பரேஷன்.’ தமிழில் ‘நீர்மம் ஆவியாக மாறும் நிகழ்வு’ என்போம். விளக்கம் முன்னால் வரும், பெயர் பின்னால் வரும். நேற்று வந்த பையன், அம்மா சுட்ட தோசை, எல்லாமே அப்படித்தான். ஆங்கிலத்தில் பெயர் முன்னால் வந்து நின்றுகொண்டு, ‘பை விச்’ என்ற கொக்கியைப் போட்டு விளக்கத்தைப் பின்னால் இழுத்து வரும். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்த பிள்ளையும் அந்தக் கொக்கியில் தடுக்கி விழும். போதாததற்கு ‘இஸ் கால்ட்’, ‘இஸ் அப்ஸார்ப்ட்’, ‘ஆர் ஃபார்ம்ட்’ என்று செயப்பாட்டு வினை வரிக்கு வரி வரும். நாம் வீட்டில் ‘சோறு என்னால் உண்ணப்பட்டது’ என்றா பேசுகிறோம்?

இதற்கு நான் செய்வது எளிது. வாக்கியத்தை இரண்டாக உடைத்துக் கரும்பலகையில் எழுதுவேன். ‘எ லிக்விட் சேஞ்சஸ் இன்டு வேப்பர். வி கால் திஸ் எவாப்பரேஷன்.’ இரண்டும் புரிந்த பிறகு, அவற்றை ஒட்டினால் புத்தகத்தின் வாக்கியம் வருகிறது என்று பிள்ளைகள் கண் முன்னாலேயே ஒட்டிக் காட்டுவேன். உடைத்ததோடு விட்டுவிடக் கூடாது. எளிய வாக்கியத்தை மட்டுமே கேட்ட பிள்ளை தேர்வுத் தாளில் பழைய வாக்கியத்தைப் பார்த்து மறுபடி திகைக்கும். ஒரு பாடத்துக்கு இப்படி மூன்று வாக்கியம் போதும்.

அடுத்தது சொற்கள். கடினமான சொல் என்றதும் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ போன்ற நீளச் சொற்களைத்தான் நினைக்கிறோம். அவை தெரியாத சொல் என்பது பிள்ளைக்கே தெரியும், அதனால் கேட்டுக்கொள்ளும். தெரிந்தது போலக் காட்டி ஏமாற்றும் சொற்கள்தான் ஆபத்து. ‘செல்’ என்றால் பிள்ளைக்கு அது அப்பா பையில் இருக்கும் போன். ‘மேட்டர்’ என்றால் விஷயம். ‘மாஸ்’ என்றால் கதாநாயகன் வரும் காட்சி. ‘சேஞ்ச்’ என்றால் பஸ்ஸில் கண்டக்டர் கேட்கும் சில்லறை. கணக்கு வகுப்பில் ‘டேபிள்’ மேசையாகவும் ‘மீன்’ (சராசரி) குழம்பில் கிடப்பதாகவும் இருக்கும். ‘டிஃபரன்ஸ்’ என்ன என்று கேட்டால், கழித்துச் சொல்லாமல் ‘ஒண்ணு பெரிய நம்பர், ஒண்ணு சின்ன நம்பர்’ என்பார்கள். அவர்கள் சொல்வது தப்பே இல்லை, கணக்கு கேட்கும் ‘டிஃபரன்ஸ்’ வேறு. பாடம் தொடங்கும் முன் இந்த மாதிரி இரட்டை வேடச் சொற்களைத் தேடி எடுத்து, “உங்களுக்கு இது என்ன? அறிவியலுக்கு இது என்ன?” என்று கேட்டுவிடுங்கள். வகுப்பு சிரிக்கும், மறக்கவும் மறக்காது. கேள்வித்தாளின் ஏவல் சொற்களும் இதே போலத்தான். ‘டிஃபைன்’, ‘எக்ஸ்ப்ளைன்’, ‘கம்பேர்’, ‘கிவ் ரீசன்’ ஆகிய நான்கும் நான்கு வேலை கேட்கின்றன என்பதை யாரும் சொல்லித் தராததால், பிள்ளை நான்குக்கும் மனப்பாடம் செய்த ஒரே பத்தியை எழுதிவிட்டு வருகிறது.

இனி நீங்கள் நேராகக் கேட்டதற்கு. தமிழில் விளக்கலாமா? விளக்கலாம், விளக்கவும் வேண்டும். ஆனால் எங்கே, எதற்கு என்று முடிவு செய்துகொண்டு விளக்க வேண்டும். வரிக்கு வரி ஆங்கிலத்தில் வாசித்து வரிக்கு வரி தமிழில் சொல்வது நம்மிடம் பரவலாக உள்ள முறை. அதை நான் எதிர்க்கிறேன். பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். ஆசிரியர் ஆங்கிலம் வாசிக்கும்போது பிள்ளைகள் சன்னலைப் பார்க்கிறார்கள், தமிழ் தொடங்கியதும் தலை நிமிர்கிறது, முடிந்ததும் மறுபடி சன்னல். தமிழ் எப்படியும் வரும் என்று தெரிந்த பிறகு ஆங்கிலத்தைக் கேட்க அவர்களுக்கு என்ன அவசியம்? ஆண்டு முழுக்க ஆங்கில வழியில் உட்கார்ந்தும் காதில் ஆங்கிலம் ஏறாமல் போவது இப்படித்தான். தமிழே கூடாது என்பது இதற்கு நேர் எதிர்க் கோளாறு. அதில் பாடமே ஏறாது.

பொருள்களைப் பிரித்தெடுக்கும் பாடத்தை எங்கள் அறிவியல் ஆசிரியையும் நானும் எப்படி எடுத்தோம் என்று சொல்கிறேன், உங்களுக்கும் அது ஆறாம் வகுப்புப் பாடம்தான். முதல் ஐந்து நிமிடம் முழுக்கத் தமிழ். வீட்டில் அரிசியில் கல் கிடந்தால் என்ன செய்வீர்கள், உமி கிடந்தால் என்ன, மாவில் கட்டி இருந்தால் என்ன, டீத்தூளை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டார். வகுப்பே கத்தியது. பொறுக்குவது, சுளகில் புடைப்பது, சலிப்பது, வடிகட்டுவது என்று எல்லாம் வந்தன. ஒரு பையன் களத்தில் காற்று அடிக்கும் திசை பார்த்து நெல் தூற்றுவதை நடித்தே காட்டினான். அந்த 17 பேர் போன்ற பிள்ளைகள்தான் அதில் முன்னால் நின்றார்கள். அடுத்து மேசை மேல் ஒரு தட்டில் அரிசியும் கல்லும், கொஞ்சம் மாவு, ஒரு சல்லடை, ஒரு வடிகட்டி, கலங்கிய தண்ணீர் ஒரு டம்ளர். இப்போது ஆங்கிலம் மட்டும். ஆசிரியை கையால் செய்துகொண்டே சொன்னார்: ‘ஐ ஆம் சிவிங் தி ஃப்ளவர்’, அதாவது மாவைச் சலிக்கிறேன். கை செய்வதைக் கண் பார்க்கிறது, காது சொல்லைக் கேட்கிறது, நடுவே மொழிபெயர்ப்புக்கு வேலை இல்லை. கரும்பலகையின் வலது ஓரத்தில் ஆறே சொற்கள்: ‘மிக்ஸ்சர்’, ‘செபரேட்’, ‘சிவ்’ (சலிப்பது), ‘ஃபில்டர்’, ‘வினோ’ (தூற்றுவது), ‘செட்டில்’ (அடியில் படிவது). பாடம் முடியும்வரை அவற்றை அழிக்கவில்லை. கடையில் வாங்கும் மிக்சரும் ஒரு ‘மிக்ஸ்சர்’தான் என்று ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொன்னது எங்களுக்குக் கிடைத்த கூடுதல் லாபம்.

அதன் பிறகு இரண்டு வாக்கியச் சட்டங்களை எழுதிப்போட்டார். ‘வி செபரேட் டேஷ் ஃப்ரம் டேஷ் பை டேஷ்’ என்று ஒன்று. ‘வி யூஸ் டேஷ் பிகாஸ் டேஷ்’ என்று இன்னொன்று. பக்கத்தில் உள்ளவரோடு தமிழில் பேசி முடிவு செய்யலாம், ஆனால் எழுந்து சொல்லும்போது சட்டத்தை நிரப்பி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும் என்றார். யோசனை எந்த மொழியிலும் நடக்கட்டும், சொல்வது மட்டும் ஆங்கிலம். நான் இன்றுவரை கடைப்பிடிக்கும் விதி அதுதான். முழு வாக்கியத்தையும் தானே கட்டத் தெரியாத பிள்ளைக்குச் சட்டம் ஒரு கைப்பிடிச் சுவர். இரண்டாவது சட்டத்தை விட்டுவிடாதீர்கள். ‘பிகாஸ்’ வந்தால்தான் மனப்பாடம் நின்று யோசனை தொடங்கும். ‘வி யூஸ் வினோயிங் பிகாஸ் ஹஸ்க் இஸ் லைட்’ என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், அதில் இலக்கணப் பிழை இருந்தாலும் அங்கே நிறுத்தித் திருத்த வேண்டாம். சரியான வடிவத்தை நீங்கள் ஒருமுறை இயல்பாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

முதலில் ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து ஒரு வேலையைச் செய்து காட்டிவிட்டு, அதே போன்ற இன்னொன்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கும் இந்த வழி நம் பக்கத்திலேயே முயன்று பார்க்கப்பட்டதுதான். ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை முதலிய ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் நடத்திய திட்டம் அது. இலக்கணத்தை வரிசையாகக் கற்பிக்காமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து யோசிக்க வைத்தார். யோசனையில் மனம் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானாகப் படிகிறது என்பது அவர் கட்சி. அவர் குழு வேலையை ஊக்குவிக்கவில்லை. பிள்ளைகளின் குறை ஆங்கிலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவிவிடும் என்ற கவலை அவருக்கு இருந்தது. எட்டுப் பேர் குழுவில் அவர் கவலை சரி என்றே நினைக்கிறேன். இரண்டு பேர் ஜோடியில் எனக்கு அந்தச் சிக்கல் வந்ததில்லை. தமிழ் வழியில் வந்த பிள்ளையை எப்போதும் ‘நல்லா படிக்கிற’ பிள்ளை பக்கத்திலேயே உட்கார வைத்துவிடாதீர்கள், அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் தானே சொல்லிவிடும். வாரத்தில் பாதி நாள் சமமானவரோடு உட்காரட்டும்.

இன்னொரு உதவி உங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. நம் மாநில அறிவியல் புத்தகம் இரண்டு வழியிலும் ஒரே பாடம், ஒரே வரிசை, பெரும்பாலும் ஒரே படங்கள். தமிழ் வழிப் புத்தகம் நான்கைந்து வாங்கி வகுப்பறை சன்னலில் வையுங்கள். பாடத்துக்கு முதல் நாள் இரவு அந்தப் பிள்ளை தமிழில் வாசித்துவிட்டு வந்தால், மறுநாள் ஆங்கிலத்தில் கேட்பது ஏற்கெனவே தெரிந்த கதை. பாடத்துக்குப் பிறகு வாசிப்பதைவிட முன்னால் வாசிப்பது நல்ல பலன் தருகிறது. பிறகு வாசித்தால் ஆங்கில வகுப்பு வீணாகப் போய்விட்ட பின்தான் புரிதல் வருகிறது.

தமிழின் அளவு எவ்வளவு இருக்கலாம் என்று என்னிடம் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் முதல் பருவத்தில் பாதிக்குப் பாதி, மூன்றாம் பருவத்தில் கால் பங்கு என்று வைத்துக்கொள்வேன். இதற்குப் பின்னால் ஆய்வு ஏதும் இல்லை, என் வகுப்பில் எனக்குச் சரிப்பட்ட அளவு. உங்கள் வகுப்பைப் பார்த்து நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். தமிழில் பேசியதற்காக அபராதம் போடுவது, நிற்க வைப்பது, கழுத்தில் அட்டை மாட்டுவது போன்றவை எந்த வடிவிலும் வேண்டாம். என் முதல் சில ஆண்டுகளில் நானும் அபராத நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பிள்ளைகள் ஆங்கிலம் பேசவில்லை. என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். இது மனசாட்சியோடு நிற்கும் விஷயமும் இல்லை. 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. பருவத் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும், அதில் நாம் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வாரச் சிறு தேர்வு உங்கள் கையில் இருக்கிறது. அதில் கருத்துக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போடுங்கள். முதல் பருவத்தில் படம் வரைந்து பாகம் குறிக்கவும், தமிழ் கலந்து எழுதவும் விடுங்கள். கருத்துக்கு 8, மொழிக்கு 3 என்று பார்க்கும் பிள்ளைக்குத் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது புரியும். இரண்டையும் சேர்த்து 11 என்று போட்டால் தான் மக்கு என்பது மட்டும்தான் புரியும்.

பெற்றோர் வந்தால் வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டாம். உப்பளத்தில் வேலை செய்துவிட்டு வரும் அம்மாவால் அது முடியாது, முயன்றால் பிள்ளையோடு பேசுவதே குறைந்துவிடும். இன்று என்ன படித்தாய் என்று ராத்திரி சாப்பிடும்போது தமிழில் கேளுங்கள், பிள்ளை தமிழில் விளக்கட்டும் என்று சொல்லுங்கள். தாய்மொழியில் விளக்கிச் சொல்லிப் பழகிய பிள்ளை இரண்டாம் மொழியிலும் விளக்கக் கற்றுக்கொள்கிறது. கம்மின்ஸ் சொன்னவற்றில் என் அனுபவத்தோடு முழுமையாக ஒத்துப்போவது இதுதான்.

எல்லாவற்றையும் மொழி மேல் போட்டுவிடவும் கூடாது. தமிழில் வாசிப்பதிலும் அதே தடுமாற்றம், தமிழில் கேட்டாலும் திரும்பத் திரும்ப ‘என்ன டீச்சர்?’ என்பது, கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குவது போன்றவை இருந்தால் அது ஆங்கிலப் பிரச்சினையாக இராது. காது, கண், கற்றல் குறைபாடு எதுவாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கும் பயிற்சி எனக்கும் இல்லை, பாட ஆசிரியர்களான நம்மில் யாருக்கும் பெரும்பாலும் இல்லை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், அவரிடம் அனுப்புங்கள். ஆண்டு இறுதிவரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் தலைமையாசிரியர். அவர் பிள்ளைகளுக்குக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆங்கில வழி என்று சேர்த்துவிட்டுத் தமிழில் நடத்துகிறார்களாமே என்று கேட்கும் பெற்றோருக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது என்று பேச்சு வந்தால், அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு இயன்றவரை தாய்மொழியைப் பயிற்று மொழியாகக் கொள்ளச் சொல்கிறது என்பதை மரியாதையாக நினைவூட்டலாம். இன்னொன்றும் சொல்லலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சார்பில் ஒரு வழக்கு நடந்தது. ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே பாடத்திட்டம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்புச் சொன்னது. இருந்தாலும் வாதம் செய்து அவரை மாற்றுவதைவிட வகுப்பைக் காட்டி மாற்றுவது சுலபம் என்பது என் அனுபவம். பாடம் முழுதுக்கும் கூப்பிட வேண்டாம், முதல் ஐந்து நிமிடத் தமிழைக் கேட்டுவிட்டு அதோடு எழுந்து போய்விடுவார். இரண்டு மூன்று வாரம் இந்த முறையில் எடுத்த பிறகு, ஒரு நாள் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். வலது ஓரத்தில் ஆறு சொற்களும் இரண்டு வாக்கியச் சட்டங்களும் இருக்கட்டும். அந்த 17 பேரில் யாரை வேண்டுமானாலும் அவரே எழுப்பி, ஒரு ‘பிகாஸ்’ வாக்கியம் கேட்கட்டும். அப்போது மட்டும் நீங்கள் முந்திக்கொண்டு உதவி செய்யாமல், மனசுக்குள் பத்து எண்ணுங்கள்.